பானை, பனங்கிழங்கு, கரும்பு... மறைமலைநகருக்கு பஸ் ஏறி வரும் 'பொங்கல்படி'!

மறைமலைநகர்:-

மார்கழி கடைசி வாரம் வந்துவிட்டால் போதும். விடிந்தும் விடியாத நேரத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டோரம் பைக்கை நிறுத்திக்கொண்டு, செல்போனும் கையுமாக ஆட்கள் காத்துக்கிடப்பதைப் பார்க்கலாம். திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி, நாகர்கோவில் பக்கம் இருந்து வரும் பஸ் ஓரம் கட்டியதும் டிக்கி திறக்கும். துணியால் வாய் கட்டிய வெண்கலப் பானை, அரிசி மூட்டை, வாழைத்தார், கரும்புக் கட்டு என ஒவ்வொன்றாக இறங்கும்.

மாமனார் வீட்டில் இருந்து வந்திருக்கும் பொங்கல்படி அது!

மறைமலை அடிகள் பெயரில் 1980-ல் உருவாக்கப்பட்ட ஊர் மறைமலைநகர். தொழிற்சாலைகள் வரவர, வேலை தேடி தென்மாவட்டத்து இளைஞர்களும் வந்து சேர்ந்தார்கள். வாடகைக்கு வீடு பிடித்தார்கள், கல்யாணம் முடித்தார்கள், ரேஷன் கார்டும் இங்கேயே மாறிவிட்டது. ஆனால் பொங்கல் வந்தால் ஊரில் இருந்து படி வந்தாக வேண்டும்.

'படி' என்றால் என்ன?

பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்கு, பிறந்த வீட்டில் இருந்து பொங்கலுக்குக் கொடுக்கும் சீர்தான் பொங்கல்படி. பேச்சு வழக்கில் 'பொங்கப்படி'. இந்தப் பக்கத்து ஆட்கள் இதையே 'பொங்கல் வரிசை' என்பார்கள். 'படி அளப்பது' என்றால் சாப்பாட்டுக்கு அளந்து கொடுப்பது. மகளுக்கு அம்மா வீடு இன்னும் படி அளக்கிறது என்பதுதான் இதன் உள்ளர்த்தம்.

கல்யாணம் முடிந்து வரும் முதல் பொங்கலுக்கு 'தலைப்பொங்கல்படி'. அதுதான் பெரிசு. பானை முதல் புதுத்துணி வரை எல்லாம் வரும். அடுத்தடுத்த வருஷம் பொருள் குறையும், கையில் பணமாகவும் கொடுப்பார்கள். ஆனால் அடியோடு நிற்காது. தாய், தகப்பன் கண்ணை மூடிய பிறகும் அண்ணன், தம்பி விடாமல் கொடுக்க வேண்டும் என்பது ஊர் வழக்கம். தலை நரைத்த பாட்டிக்கும் தம்பி வீட்டுப் படி வரும். அது ஒரு சீப்பு பழமும் நூறு ரூபாயுமாக இருந்தாலும் தெருவெல்லாம் சொல்லிக் காட்டுவார்கள்.

கூடைக்குள் என்னென்ன?

முதல் பொருள் பானை. வெண்கலமோ, பித்தளையோ அவரவர் வசதி. கூடவே அகப்பை, பச்சரிசி, வெல்லம் அல்லது கருப்பட்டி, தேங்காய், வெற்றிலை பாக்கு. பானைக் கழுத்தில் கட்ட இலையோடு பிடுங்கிய மஞ்சள் குலை. முழுசாக இரண்டு கரும்பு. வாழைத்தார் ஊருக்கு ஊர் மாறும். நாகர்கோவில் பக்கம் என்றால் ஏத்தங்குலை, மட்டிப்பழம் வரும்.

அடுத்து கிழங்குகள். சேனை, சேம்பு, வள்ளி என்று வரிசை கட்டினாலும் நெல்லைக்காரர்கள் கண் தேடுவது சிறுகிழங்கைத்தான். விரல் கணு அளவுதான் இருக்கும். தோலை எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். சாக்கில் போட்டுத் தேய்த்தால் தோல் சீக்கிரம் கழன்றுவிடும் என்பது ஊர்ப் பெண்களின் கைப்பக்குவம். பொங்கலை ஒட்டித்தான் இதற்கு சீசன். அதனால் சிறுகிழங்கு பொரியல் வாசம் வந்தாலே பொங்கல் வந்துவிட்டது என்று அர்த்தம்.

பனங்கிழங்கு இல்லாத படி கிடையாது. பனம்பழம் விழும் காலத்தில் கொட்டைகளைப் பொறுக்கி மண்ணில் புதைத்து வைப்பார்கள். மாசக்கணக்கில் வேர் விட்டு, மார்கழி, தை மாதத்தில் கிழங்காகத் தோண்டி எடுப்பார்கள். மஞ்சளும் உப்பும் போட்டு அவித்தால் போதும். பச்சையாகக் கட்டி அனுப்பினால் பஸ் பயணத்தைத் தாங்கும், அவித்து அனுப்பினால் சீக்கிரம் கெட்டுவிடும்.

ஊரில் பொங்கல் பானைக்கு அடுப்பு எரிப்பதே பனை ஓலையில்தான். மறைமலைநகர் அடுக்குமாடி வீட்டில் அதற்கு வழியில்லை. கியாஸ் அடுப்பில்தான் பொங்கல் பொங்குகிறது. ஆனாலும் அரிசி ஊர் அரிசி, பானை அம்மா கொடுத்த பானை!

பஸ்சில் தெரிந்த டிரைவரிடம் சொல்லி ஏற்றிவிடுவதுதான் பழைய முறை. அரசு விரைவு பஸ்களிலும் 2022-ல் பார்சல் சர்வீஸ் தொடங்கப்பட்டது. ரெயிலில் வருகிறவர்கள் நெல்லை எக்ஸ்பிரசில் வந்து செங்கல்பட்டில் இறங்கி, மின்சார ரெயில் பிடித்து மறைமலைநகர் வந்துவிடுகிறார்கள்.

பலகாரப் பெட்டி வாங்குவோர் கவனத்துக்கு...

ஊரில் இருந்து அனுப்ப ஆள் இல்லாதவர்கள் 'ஊர்ப் பலகாரம்' என்று கடையிலும் ஆன்லைனிலும் விற்கும் பெட்டியை வாங்கி படியில் சேர்த்துவிடுகிறார்கள். ஊர்ப் பெயரைப் பார்த்து ஏமாறாமல் இருக்க புவிசார் குறியீடு உதவும். குறிப்பிட்ட ஊரில், அந்த முறைப்படி தயாராகும் பொருளுக்கு மட்டுமே அந்த ஊர்ப் பெயர் சொந்தம் என்று சட்டப்படி கொடுக்கும் அங்கீகாரம் இது. இதற்கான சட்டம் 2003-ல் அமலுக்கு வந்தது. பதிவு அலுவலகம் சென்னை கிண்டியில்தான் இருக்கிறது.

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, பழனி பஞ்சாமிர்தம் ஆகியவற்றுக்கு 2019-லும், கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-லும், உடன்குடி கருப்பட்டி, மணப்பாறை முறுக்கு ஆகியவற்றுக்கு 2023-லும் இந்தக் குறியீடு கிடைத்தது. பலகாரம் வைத்துக் கொடுக்கும் செட்டிநாடு ஓலைக் கொட்டானுக்கும் 2013-லேயே கிடைத்துவிட்டது. நம்ம மாமல்லபுரம் கற்சிற்பமும் இந்தப் பட்டியலில் உண்டு.

கருப்பட்டி வாங்கும்போது கூடுதல் கவனம் வேண்டும். பதநீரைக் காய்ச்சி, சிரட்டையில் ஊற்றி எடுப்பதுதான் நிஜக் கருப்பட்டி. பதநீர் சீசன் சில மாதங்கள்தான். மரம் ஏற ஆளும் குறைந்துவிட்டது. சீனியைக் கலந்து காய்ச்சி விற்பது அடிக்கடி பிடிபடுகிறது. ஆகவே ரொம்ப மலிவாகக் கொடுத்தால் யோசித்து வாங்குங்கள்.

பால்கோவா பால் பொருள், சீக்கிரம் கெடும். நெய்யும் சர்க்கரையும் தூக்கலாக இருக்கும் அல்வா கொஞ்சம் தாங்கும். கடலை மிட்டாய் ஈரம் படாவிட்டால் இன்னும் நாள்பட நிற்கும். கடையில் சில்லறையாக விற்கும் இனிப்புக்கும் எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று எழுதி வைக்க வேண்டும் என்பது 2020 அக்டோபர் 1 முதல் விதி. எழுதவில்லை என்றால் தாராளமாகக் கேட்கலாம்.

கடன் வாங்கி படியா?

பாசத்துக்குக் கொடுப்பது பல வீடுகளில் பாரமாகிவிடுகிறது என்பதையும் மறைக்க முடியாது. பக்கத்து வீட்டு மருமகளுக்கு வெண்கலப் பானை வந்தால், நம்ம வீட்டுக்கு ஏன் எவர்சில்வர் என்ற பேச்சு வரும். அந்தப் பேச்சுக்குப் பயந்து வட்டிக்கு வாங்கி படி கொடுக்கும் தகப்பன்கள் உண்டு. இங்கே ஃபோர்டு கார் தொழிற்சாலையில் 2022-ல் கார் உற்பத்தி நின்றது. இப்படித் திடீரென்று வேலை போகும் வீட்டில், தங்கைக்குப் படி கொடுக்க வேண்டிய அண்ணனின் நிலைமையைச் சொல்லத் தேவையில்லை.

விரும்பிக் கொடுப்பது சீர். இவ்வளவு வேண்டும் என்று கேட்டு மருமகளைக் கொடுமைப்படுத்தினால் அது குற்றம். வரதட்சணை தடுப்புச் சட்டம் 1961-ல் இருந்தே இருக்கிறது. பொருள் கேட்டு மனைவியைத் துன்புறுத்தும் கணவருக்கும் அவரது உறவினர்களுக்கும், 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா 85-வது பிரிவின்படி 3 ஆண்டு வரை ஜெயில் உண்டு. உதவிக்கு பெண்கள் 181 என்ற எண்ணுக்கு போன் செய்யலாம்.

படி வேறு... பங்கு வேறு...

இன்னொரு விஷயமும் உண்டு. 'வருஷா வருஷம் படி கொடுத்தாச்சே, இனி சொத்தில் பங்கு எதுக்கு?' என்று கேட்கும் அண்ணன், தம்பிகள் இருக்கிறார்கள். சட்டம் அதை ஏற்காது. இந்து குடும்பங்களின் பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் வந்துவிட்டது. அப்போது ஏற்கனவே கல்யாணம் ஆகியிருந்த பெண்களுக்கு அது கிடைக்கவில்லை. 2005-ல் வந்த மத்திய சட்டத் திருத்தம் கல்யாணம் ஆனவர், ஆகாதவர் என்ற வித்தியாசம் பார்க்கவில்லை. அந்தத் திருத்தம் வந்த நாளில் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை என்று 2020 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டும் தெளிவாக்கிவிட்டது. எத்தனை வருஷம் படி வாங்கியிருந்தாலும் அதனால் பங்கு போய்விடாது.

பெண்ணுக்குப் படி பெரிசா, சின்னதா என்பது முக்கியம் இல்லை. கட்டிக்கொடுத்ததோடு நம்மை மறந்துவிடவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி. வசதி இருந்தால் வெண்கலப் பானை கொடுக்கலாம். இல்லாவிட்டால் ஒரு கட்டு பனங்கிழங்கும், தோட்டத்து மஞ்சளும், 2 படி அரிசியும் போதும். கடன் வாங்காமல் வந்த படி என்றால், பொங்கலும் மகளுக்கு நிம்மதியாக இறங்கும்.