சென்னையில் வாங்கிய புல்லட் கேமரன் மலை ஏறுமா?

மேற்படிப்புக்காக இந்தியா செல்லும் மலேசிய மாணவர்களில் சிலர் அங்கே மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி ஓட்டிப் பழகிவிடுகின்றனர். படிப்பு முடிந்ததும் அதைக் கப்பலேற்றி ஊருக்குக் கொண்டு வந்துவிடலாமே என்ற ஆசை எழுவது இயல்பே. கோலா தெர்லா சாலையில் தேயிலைச் சரிவுகளின் ஓரமாக ஒரு புல்லட் தடதடவென்று ஏறி வருவதை எண்ணிப் பார்த்தால் யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால், காசு கொடுத்து வாங்கிய வண்டி நமக்குச் சொந்தமாவது வேறு. அது நம் நாட்டுச் சாலையில் ஓடத் தகுதி பெறுவது வேறு.

வெளிநாட்டு மோட்டார் மூன்று வாசல்களைக் கடக்க வேண்டும். முதலாவது, முதலீடு, வாணிபம், தொழில்துறை அமைச்சு வழங்கும் ஏ.பி. எனப்படும் இறக்குமதி அனுமதி. இரண்டாவது, சுங்க இலாகா. வண்டியின் விலையோடு கப்பல் கூலியும் காப்புறுதியும் சேர்த்தே வரி கணக்கிடப்படும். மூன்றாவது, சாலைப் போக்குவரத்து இலாகாவாகிய ஜே.பி.ஜே. பலர் தடுமாறுவது இங்கேதான்.

நல்ல மெக்கானிக் ஒருவர் 'வண்டி அருமையாக இருக்கிறது' என்று சொன்னால் போதாதா? போதாது. மோட்டார் சைக்கிள்களின் புகையைக் கட்டுப்படுத்த நம் நாட்டில் 2003ஆம் ஆண்டு தனி விதிமுறைகள் இயற்றப்பட்டன. புகை, பிரேக், விளக்கு ஆகியவை விதிப்படி உள்ளன என்பதற்குச் சோதனைச் சான்று வேண்டும். வாகனப் பாகங்களின் தரச் சான்றை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்வதற்கு 1958ஆம் ஆண்டின் ஐ.நா. ஒப்பந்தம் ஒன்று உள்ளது. மலேசியா 2006இல் அதில் சேர்ந்தது. இந்தியாவோ அதில் சேரவில்லை. ஆகவே, இந்தியச் சாலைக்கென்று பெற்ற சான்று இங்கே தானாகச் செல்லுபடியாகாது. அதே சென்னைத் தொழிற்சாலையில் ஐரோப்பாவுக்கென்று தயாராகும் வண்டியின் விளக்குக் கண்ணாடியில், வட்டத்துக்குள் 'ஈ' என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். அந்தச் சிறு முத்திரையே ஒப்பந்தத்தின் அடையாளம்.

புல்லட்டின் வரலாறே இதற்கு நல்ல சான்று. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் பிறந்த அந்த வண்டியை 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் கூட்டுச் சேர்ந்து சென்னையில் தயாரிக்கத் தொடங்கினர். 1977இல் சென்னை வண்டி இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது. பின்னர் ஐரோப்பாவில் புகைக் கட்டுப்பாடு இறுக இறுக, 2000களின் இறுதியில் நிறுவனம் பழைய வார்ப்பிரும்பு எஞ்சினைக் கைவிட்டுப் புதிய எஞ்சினுக்கு மாறியது. ஒரு தொழிற்சாலையே எஞ்சினை மாற்ற நேர்ந்தபோது, தனி மனிதர் வாதாடி வெல்ல முடியுமா?

சிங்கப்பூர் எண் பலகையோடு பெரிய மோட்டார்கள் நம் மலைக்கு வருகின்றனவே என்று கேட்கலாம். அவை விருந்தாளிகள்; வந்து திரும்பிவிடும். நிரந்தரமாகத் தங்கும் வண்டிக்கே இந்தச் சோதனைகள்.

இவற்றை வெறும் கெடுபிடி என்று ஒதுக்கிவிட முடியாது. சாலையின் வலப்புறம் ஓட்டும் ஜெர்மனி போன்ற நாட்டின் வண்டியில், தாழ்த்திய விளக்கொளியும் வலப்புறமாகவே சாயும். இடப்புறம் ஓட்டும் நம் நாட்டில் அது எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். தாப்பாவிலிருந்து தானா ராத்தா வரை வளைவுக்கு வளைவு மூடுபனி. எதிரே காய்கறி லாரி. அங்கே விளக்கும் பிரேக்கும் உயிர்ப் பிரச்சினை அல்லவா?

ஆழமறியாமல் காலை விடாதே என்பர் பெரியோர். வாங்குவதற்கு முன்பே அமைச்சிடமும் ஜே.பி.ஜே.யிடமும் அன்றைய விதிகளைக் கேளுங்கள். 'ஈ' முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ஆனால், விளக்கில் உள்ள முத்திரை விளக்குக்கு மட்டுமே. முழு வண்டிக்கும் தயாரிப்பாளரின் சான்று உண்டா என்று விசாரியுங்கள். சாதாரண 'பி2' உரிமம் 250 சிசி வரைதான்; 350 சிசி புல்லட்டுக்கு அது போதாது. சான்று கிடைக்காது என்று தெரிந்தால், வண்டியை அங்கேயே விற்றுவிடுவதே நன்று. துறைமுகத்தில் முடங்கும் மோட்டாரில் முடங்குவது பெற்றோர் தோட்டத்தில் உழைத்துச் சேர்த்த பணமாகவும் இருக்கலாம்.