பிரித்துக் கூட்டும் தச்சு

காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெரு என்று ஒரு தெரு இருக்கிறது. பிரித்தெடுத்த வீடுகளின் கதவுகளும் தூண்களும், ஊஞ்சல் பலகைகளும், ஈட்டி மரத்து வட்ட மேசைகளும், தரையில் அமர்ந்து பேரேடு எழுதுவதற்கென்றே சரிந்த மூடியோடு செய்யப்பட்ட கணக்குப்பிள்ளை மேசைகளும் அங்கே கடைதோறும் குவிந்திருக்கின்றன. பர்மாவில் லேவாதேவி நடத்திய நகரத்தார் செட்டிநாட்டில் எழுப்பிய மாளிகைகளுக்குத் தேக்கு கப்பலேறி வந்ததும், 1930களின் மந்தமும் 1942இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் அந்த வாழ்வின் வேரை அறுத்ததும், பங்காளிகள் பெருகிப் பிள்ளைகள் வெளியூர்களில் குடியேறிவிடப் பூட்டிக் கிடந்த வீடுகள் சில பாகம் பாகமாக விலைக்கு வந்ததும் பலரும் எழுதிய விஷயங்களே. அந்தத் தெருவில் ஒரு நாற்காலியை வாங்கி வருகிறவரும், பாட்டனார் வைத்துப்போன நாற்காலியைப் பரணிலிருந்து இறக்குகிறவரும், அதைச் செப்பனிட எப்படிப்பட்ட கையில் ஒப்படைக்க வேண்டும், அந்தக் கை செய்யத் தக்கது எது, தகாதது எது என்பதே இங்கே நான் சொல்ல எடுத்துக்கொண்ட காரியம்.

முதலில் மரத்தின் சுபாவத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். பர்மாக் காடுகளில் தேக்கை வெட்டுவதற்கு இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே அதன் அடியில் பட்டையையும், அதை அடுத்த வெளிமரமாகிய வெள்ளையையும் வளையமாகச் செதுக்கி, நின்ற நிலையிலேயே காயவிட்டு, அதன் பிறகே வீழ்த்தி, யானைகளைக் கொண்டு ஓடைவரை இழுத்து, ஐராவதி ஆற்றின் வழியே மிதக்கவிட்டு இரங்கூனுக்குக் கொண்டுவந்தார்கள். பச்சைத் தேக்கு நீரில் அமிழ்ந்துவிடும் என்பதே அந்தப் பொறுமைக்குக் காரணம். அப்படிக் காய்ந்த மரத்தின் உள்மரமாகிய வைரத்தில் இயற்கையாகவே ஓர் எண்ணெய்ப்பசை இருப்பதால் கறையான் அதை எளிதில் தீண்டுவதில்லை. சுற்றியிருக்கும் வெள்ளைக்கோ அந்தக் காப்பு இல்லை. பழைய சாமான் ஒன்றில் பூச்சி அரித்த துளைகள் தென்பட்டால், அவை பெரும்பாலும் சிக்கனத்துக்காக விட்டுவைத்த வெள்ளையின் ஓரத்தில்தான் இருக்கும்.

நாணற் குழல்களைக் கட்டாகக் கட்டினாற்போன்ற அமைப்புடையது மரம். ஈரக்காற்றில் உப்பி, வறட்சியில் சுருங்குவது அதன் அகலவாட்டில்தான். நீளவாட்டில் மாறுதல் ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். அந்த அகலவாட்டிலும், வளையங்களை ஒட்டிச் செல்லும் திசையில் நேரும் சுருக்கம், நடுத்தண்டிலிருந்து வெளிநோக்கும் திசையில் நேரும் சுருக்கத்தைப்போலப் பெரும்பாலான மரங்களில் இரண்டு மடங்கு வரை இருக்கிறது. மரம் வெட்டப்பட்டு நூறாண்டு கழிந்த பிறகும் இந்த அசைவு நிற்பதில்லை. கதவிலோ அலமாரியிலோ சட்டத்துக்குள் பலகையைப் பொருத்திய ஆசாரி, சட்டத்தின் உட்புறம் காடி எடுத்து, அதில் பலகையைப் பசையிடாமல் வெறுமனே செருகியதன் ரகசியம் இதுவே: பலகைக்கு மூச்சுவிட இடம் வேண்டும். இதை உணராத ஒருவர், பலகை ஆடுகிறதே என்று எண்ணி அதைச் சுற்றிலும் பசையூற்றி இறுக்கிவிட்டால், அடுத்த கோடையில் அது நடுவிலே வெடிக்கும். குளிர்சாதன அறையில் கொண்டுபோய் வைத்த பழைய அலமாரிகள் சில மாதங்களில் வெடிப்புக் காண்பதற்கும் அறையின் வறண்ட காற்றே காரணம்.

இனி மூட்டுகளைப் பார்ப்போம். ஒரு நல்ல நாற்காலியில் இரும்பாணியைக் காண்பது அரிது. ஒரு சட்டத்தின் நுனியைக் கழுந்தாக இழைத்து, மற்றொன்றில் அதே அளவுக்குத் துளை செதுக்கி, உளியும் கொட்டாப்புளியும் கொண்டு ஒன்றையொன்று தழுவும்படி கூட்டி, தேவைப்பட்ட இடத்தில் மூங்கில் ஆணி அடித்துவிடுவார்கள். இழுப்பறைகளின் மூலைகளிலோ, புறாவின் வாலைப்போல நுனி விரிந்த பற்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்திருக்கும். எவ்வளவு இழுத்தாலும் அவை கழலா. இந்தப் பொருத்துகளுக்கு இடையே பூசப்பட்டது வச்சிரம். விலங்குகளின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் அந்தப் பசையைக் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் மற்றொரு பாத்திரத்தை வைத்து, 60 டிகிரி செல்சியஸ் அளவில் இளக்கிச் சூட்டோடு சூடாகப் பூச வேண்டும். அதிகம் கொதித்தாலோ அதன் பலம் போய்விடும்.

வச்சிரத்துக்கு ஒரு குறை உண்டு. ஈரமும் சூடும் பட்டால் அது இளகிவிடும். இந்தக் குறையே பழுது பார்ப்பவனுக்குப் பேருதவியாக வந்து வாய்க்கிறது என்பதை எண்ணும்போது, பழைய தச்சின் நுட்பத்தை வியக்காமல் இருக்க முடியவில்லை. இருபது முப்பது ஆண்டு உபயோகத்தில் கால்கள் ஆடத் தொடங்கிய நாற்காலியை ஆசாரி எடுத்து, மூட்டில் வெந்நீரையோ ஆவியையோ சிறிது சிறிதாகச் செலுத்தி, மரக்கொட்டாப்புளியால் இதமாகத் தட்டினால், கழுந்து சேதமில்லாமல் துளையைவிட்டுக் கழன்று வரும். எந்தக் கால் எந்தப் பக்கத்தது என்று குறியிட்டு வைத்து, பழைய பசையைச் சுரண்டி, தேய்ந்த கழுந்தின்மேல் அதே ஜாதி மரத்தின் மெல்லிய சீவலை ஒட்டித் தடிப்பாக்கி, மீண்டும் புதிய வச்சிரம் இட்டுக் கூட்டிக் கயிற்றால் முறுக்கிக் கட்டிவிட்டால், இன்னுமொரு தலைமுறைக்கு அந்த நாற்காலி அசையாது. இப்படிப் பிரித்துக் கூட்டும் காரியத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் செய்யலாம்.

இதற்கு மாறாக, ஆடுகிற மூட்டைப் பிரிக்காமலே அதன் இடுக்கில் இன்றைய இரசாயனப் பசையைப் பிழிந்துவிட்டு, பக்கவாட்டில் இரண்டு இரும்பாணிகளையும் அடித்துவிடுவது நாடெங்கும் நடக்கிறது. ஒரு மணி நேரத்தில் முடியும் வேலைதான். ஆனால், பழைய பசையின் துகள்மேல் புதிய பசை பிடிப்பதில்லை. ஆணியோ கழுந்தைப் பிளக்கிறது. மறுமுறை மூட்டு ஆடும்போது, பிரிக்க வழியற்ற அந்தப் பசையால் காலையே அறுத்தெடுக்க நேர்கிறது. ஒரு சாமானுக்கு வயது முதிர்ச்சியால் நேர்ந்த கேட்டைவிட, அவசரத்தில் செய்த பழுதால் நேர்ந்த கேடு அதிகம் என்பதே என் திடமான அபிப்பிராயம்.

மேற்பூச்சிலும் இதே நியாயம் செல்லும். புரசு, இலந்தை முதலிய மரங்களின் கிளைகளில் நுண்ணிய பூச்சிகள் சுரக்கும் அரக்கைச் சுத்திசெய்து, தகடாக்கி, ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சை உள்ளே வைத்து முடிந்த துணிப்பந்தில் தோய்த்து, துளி எண்ணெய் கூட்டி, வட்டம் வட்டமாகத் தேய்த்துத் தேய்த்து ஏற்றுவதே அரக்குப் பாலிஷ். ஒவ்வொரு பூச்சும் காகிதத்தைவிட மெல்லியது. உலரவிட்டு, மீண்டும் தேய்த்து, நாட்கணக்கில் பல பூச்சுகள் ஏற்றிய பிறகே மரத்தின் ரேகைகள் ஆழத்திலிருந்து எழுந்து ஒளிர்கின்றன. சூடான காப்பிக் குவளையை வைத்தால் வெள்ளை வளையம் விழும் என்பது மெய்தான். எனினும் பழைய அரக்கின்மேல் புதிய அரக்கைத் தேய்க்கும்போது ஸ்பிரிட் பழையதையும் சற்றே கரைத்து இரண்டையும் ஒரே படலமாக்கிவிடுவதால், கறைபட்ட இடத்தை மட்டும் சீர்செய்ய முடிகிறது. முழுவதையும் சுரண்ட வேண்டிய அவசியமே எழுவதில்லை.

ஆயினும் சுரண்டுகிறார்கள். காஸ்டிக் சோடாவைக் கரைத்து ஊற்றிப் பழைய பூச்சை உரிக்கும் வழக்கம், தேக்கின் நிறத்தைக் கறுக்கச் செய்வதோடு, உள்ளே இறங்கி வச்சிரத்தையும் அழித்து மூட்டுகளை ஆட்டங்காண வைக்கிறது. மின்சார இயந்திரத்தில் உப்புத்தாளைப் பொருத்தித் தேய்த்துவிட்டாலோ, வெயிலும் விளக்கெண்ணெயும் மனிதர் கைகளும் சேர்ந்து பல தலைமுறைகளாக உண்டாக்கிய மேனி ஒரே பொழுதில் தூளாய்ப் போகிறது. கணக்குப்பிள்ளை மேசையின் மூடியில் மைக்கூடு கவிழ்ந்த கறை இருந்தால் அது இருந்துவிட்டுப் போகட்டும். அந்த மேசை என்ன வேலை பார்த்தது என்பதற்கு அதைவிட மெய்யான சாட்சி வேறில்லை.

எவ்வளவு மாற்றலாம் என்பது எப்போதும் கடினமான கேள்வி. 1964இல் வெனிஸ் நகரில் கூடிய வல்லுநர்கள் பழங்கட்டடங்களுக்கென்று வகுத்த சாசனம், ஊகம் தொடங்கும் இடத்தில் புதுப்பித்தல் நிற்க வேண்டும் என்றும், புதிதாகச் சேர்த்த பகுதி முழுமையோடு இசைந்தும் கூர்ந்து பார்ப்பவருக்கு வேறாகத் தெரியும்படியும் இருக்க வேண்டும் என்றும் விதித்தது. ஒரு நாற்காலிக்கும் அது பொருந்துமென்றே நினைக்கிறேன். உளுத்துப்போன பாகத்தை மட்டும் சாய்வாக வெட்டி நீக்கி, அதே மரத்தில், அதே ரேகை ஓட்டத்தில் ஒட்டுத்துண்டு வைத்து, இணைப்புக் கோட்டை மறைக்காமல் விடுவது நேர்மையான வேலை. ஒட்டுக்கு மரம் தேடுவதும் எளிதன்று. ஈட்டியைக் காக்கத் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே கொண்டுவரப்பட்டது. அந்த மரத்தின் சர்வதேச வர்த்தகமும் 2017 முதல் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டது. ஆகையால் தேர்ந்த ஆசாரிகள், பிரித்த வீடுகளின் உத்திரத் துண்டுகளையும் உடைந்த கட்டில் கால்களையும் வீசி எறியாமல் பட்டறை மூலையில் அடுக்கி வைத்திருப்பார்கள்.

புதிதாகச் சாமான் செய்யச் சொல்லுகிறவர்களுக்கும் இந்த வித்தையில் எடுத்துக்கொள்ள வேண்டியது இருக்கிறது. நாற்காலி என்றால், அமரப் போகிறவரை ஆசாரியின் முன் அமரச் செய்து, குதிகாலிலிருந்து முழங்கால் மடிப்பு வரையுள்ள உயரத்தை அளந்து சொல்ல வேண்டும். கடையில் கிடைக்கும் 18 அங்குல உயர நாற்காலியில் குட்டையான பாட்டியின் பாதம் தரையைத் தொடாது. மரம் எத்தனை காலம் காய்ந்தது என்று கேட்பதும், வெள்ளையைச் சேர்க்க வேண்டாம் என்று முன்கூட்டியே பேசி வைப்பதும் உத்தமம். அடுக்களையிலும் கடலோர வீட்டின் நீர்க்காற்றிலும் இருக்கப்போகும் மேசைக்கு வச்சிரம் தாங்காது. அங்கே இரசாயனப் பசையே தகும். ஆனால் நாள்தோறும் ஆளைச் சுமந்து ஆடிப்போகும் நாற்காலிக் கால்களுக்கும், இழுப்பறை மூலைகளுக்கும் வச்சிரம்தான் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். அதைக் காய்ச்சத் தெரிந்த கைகள் அருகி வருவதால் கூலி சற்றுக் கூடுதலாகவே ஆகும், கொடுக்கலாம்.