குடவோலையும் வாக்குச்சீட்டும்

பிள்ளையோடு பாடம் – 11

சென்ற வாரம் நிலவரைபடத்தோடு மல்லுக்கட்டினோம். இந்த வாரம் சமூக அறிவியல். ‘பண்டைய ஆட்சிமுறையையும் இன்றைய ஆட்சிமுறையையும் ஒப்பிடுக.’

பல வீடுகளில் இந்தக் கேள்விக்குப் பத்து நிமிடம்தான். நடுவில் ஒரு கோடு. இந்தப் பக்கம் மன்னராட்சி, அந்தப் பக்கம் மக்களாட்சி. கீழே நான்கு வரி. ஒரு மன்னர் பெயர்கூடத் தெரியாமல் இதை எழுதிவிடலாம்.

என் மகளுக்கு இந்தக் கேள்வி வந்தபோது உலகத்தையே ஒப்பிடாமல் ஓர் ஊரை எடுத்துக்கொண்டோம்: உத்திரமேரூர். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன; 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. எதிர்ப்பக்கத்தில் 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம். அப்புறம் இரண்டு பக்கத்துக்கும் ஒரே மூன்று கேள்விகள்.

முதல் கேள்வி: பொறுப்புக்கு யார் வரலாம்? கல்வெட்டுப்படி வயது 35 முதல் 70 வரை. வரி கட்டும் சொந்த நிலம் கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவை) மேல் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதம் படித்திருக்க வேண்டும்.

“அப்போ பொம்பளைங்கப்பா?”

இல்லை. அது பிராமணர் சபை. நிலத்தில் இறங்கி உழுதவர்களுக்கும் அங்கே இடமில்லை. இன்று 21 வயது நிரம்பிய வாக்காளர் போட்டியிடலாம், சொத்து கேட்பதில்லை. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இட ஒதுக்கீடு உண்டு. 2016 சட்டத்திருத்தத்துக்குப் பிறகு பாதி இடங்கள் பெண்களுக்கு.

இரண்டாவது: யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? ஊரில் 30 குடும்புகள், அதாவது வார்டுகள். தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடும்பு வாரியாகக் கட்டி, குடத்தில் இடுவார்கள். சபையே கூடியிருக்கும். விவரம் அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அந்த ஓலைகளை வேறு குடத்தில் போட்டுக் குலுக்கி, அவனே ஒன்றை எடுத்துத் தருவான். மத்தியஸ்தர் ஐந்து விரலும் விரிந்த உள்ளங்கையில் அதை வாங்கி உரக்க வாசிப்பார். ஓலையை மாற்றிவிட்டார் என்று ஒருவரும் சொல்ல முடியாது. இப்படி வரும் 30 பேரும் ஆண்டு வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் என்று பிரிந்து 360 நாள் பொறுப்பு வகிப்பார்கள்.

“குலுக்கல்னா யாருக்குக் காசு குடுத்து என்ன பிரயோசனம்?” என்றாள் மகள். அந்த வரியை அப்படியே நோட்டில் எழுதச் சொன்னேன். இன்று வாக்குச்சீட்டு; குடவோலையோ வாக்களிப்பு அல்ல, குலுக்கல். ஓட்டை விலைக்கு வாங்க வழியில்லை. பிடிக்காதவரை ஓட்டுப் போட்டுத் தோற்கடிக்கவும் வழியில்லை.

மூன்றாவது: கணக்கை யார் கேட்பது? வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரின் பெயர் மறுபடி குடத்தில் ஏறாது. அவருடைய அப்பா, மகன், மருமகன், மாமனார், மச்சான், பெரியம்மா சித்தி பிள்ளைகள் பெயரும் ஏறாது! இன்று மச்சானுக்குத் தண்டனை இல்லை. தணிக்கை இருக்கிறது, வரவு செலவைக் கேட்கக் கிராம சபை இருக்கிறது, முறைகேடு செய்த தலைவரை நீக்க மாவட்ட ஆட்சியருக்கு அதிகாரம் இருக்கிறது.

விடை எழுதும்போது இரண்டு சறுக்கல்களைத் தவிர்க்கச் சொல்லுங்கள். ‘ஆயிரம் ஆண்டுக்கு முன்பே நம்மிடம் மக்களாட்சி இருந்தது’ என்று எழுதினால், வெளியே நிறுத்தப்பட்டவர்கள் காணாமல் போவார்கள். ‘அது வெறும் மன்னராட்சி’ என்று எழுதினால், கணக்குக் கேட்பதில் இருந்த கண்டிப்பு காணாமல் போகும். அரசன் தஞ்சையில் இருக்க, ஏரிக்கு மராமத்துப் பார்த்தது ஊர்ச்சபைதான். இரண்டையும் சொல்லும் விடைதான் ஒப்பீடு.

ஊராட்சிப் பகுதியில் இருப்பவர்கள் ஆகஸ்ட் 15 அல்லது அக்டோபர் 2 அன்று பிள்ளையைக் கிராம சபைக்குக் கூட்டிப்போங்கள். பள்ளி விடுமுறைதான். வரவு செலவு வாசிக்கும்போது யார் எழுந்து கேள்வி கேட்கிறார்கள் என்று குறித்துவரச் சொல்லுங்கள். மூன்றாவது கேள்விக்கு இன்றைய விடை அங்கேதான் கிடைக்கும்.

அடுத்த வாரம்: பின்னக் கணக்கு.

(தொடரும்)