சுவரோரம் நிற்கும் சிறுவர்கள்

களனி கங்கைப் பாலத்தைக் கடந்தால் பேலியகொடை. அங்கே எமக்கு நெருங்கிய குடும்பமொன்றில் எண்பது வயதைத் தாண்டிய மூதாட்டி ஒருவர் இருக்கின்றார். முதுமையினால் அவரது விழித்திரையின் நடுப்பகுதி பழுதுற்றுவிட்டது. ஓரப் பார்வை உண்டு. ஆகையால் வீட்டினுள் தடுமாறாது நடமாடுவார். எதிரில் நிற்பவரின் முகம் மாத்திரம் தெரியாது. பேரனையும் குரலைக் கொண்டே அறிவார். பத்திரிகை வாசிப்பது நின்றது. கோயிலுக்குப் போவது நின்றது. பின்னர் பேச்சும் குறைந்தது. "வயது போனால் அப்படித்தான்" என்று வீட்டார் இருந்துவிட்டனர்.

ஒருநாள் அந்தியில் அவர் பேரனை அருகழைத்து, "தம்பி, அந்தச் சுவரோரம் தொப்பி போட்ட பிள்ளைகள் நிற்கிறார்களா?" என்று மெல்லக் கேட்டார். அங்கே ஒருவருமில்லை. பல மாதங்களாகவே அவர்களைக் கண்டு வந்தாராம். ஏன் சொல்லவில்லை என்று வினவியபோது ஒரே சொல்லில் விடை வந்தது: "அங்கொடை."

கொழும்பில் வளர்ந்தோருக்கு அச்சொல்லை விளக்க வேண்டியதில்லை. அங்குள்ள மருத்துவமனை இன்று தேசிய மனநல நிறுவகம் எனப் பெயர் பூண்டிருப்பினும், ஊரின் பெயர் இன்னும் ஏச்சாகவே வழங்குகின்றது. பைத்தியமென்று சொல்வார்களோ, பேயென்று மந்திரிப்பவரை அழைப்பார்களோ என அஞ்சி எத்தனை முதியோர் வாய்மூடி இருக்கின்றனரோ!

உண்மையில் இது பைத்தியமன்று. ஜெனீவா நகரத்து அறிஞர் சார்ள்ஸ் பொனே, 1760 ஆம் ஆண்டிலேயே தம் பாட்டனாரின் இத்தகைய அனுபவத்தை எழுதி வைத்தார். பாட்டனாருக்கு வயது 89, இரு கண்களிலும் வெண்புரை, அறிவோ தெளிவு. ஆடவரும் பெண்டிரும் பறவைகளும் வண்டிகளும் அவர்முன் தோன்றி மறைந்தன. அவை மெய்யல்ல என்பதையும் அவர் அறிந்திருந்தார். இந்நிலை இன்று பொனேயின் பெயராலேயே வழங்குகின்றது. கண்ணிலிருந்து செய்தி குறைந்ததும் மூளையின் பார்வைப் பகுதி சும்மா இருப்பதில்லை. தானே சித்திரந் தீட்டத் தொடங்கிவிடுகின்றது. அவ்வுருவங்கள் பேசுவதில்லை. குரலுங் கேட்டாலோ, காண்பதை மெய்யென்றே முதியவர் நம்பினாலோ, வேறு நோயுண்டா என வைத்தியர் ஆராய்தல் வேண்டும். விளக்கைப் போட்டாலும், கண்களை இடமும் வலமும் அசைத்தாலும் பலருக்கு உருவம் கலைந்துவிடும்.

உருவங்களைவிட எம்மை வருத்தியது அம்மூதாட்டியின் மௌனமே. பார்வை மங்கிய முதியோரிடம் மனச்சோர்வு மிகுதி. அது முதுமையின் இயல்பன்று, சிகிச்சைக்குரியது. வெண்புரையாயின் சத்திரசிகிச்சையால் பார்வையும் பெரும்பாலும் மீளும். விழித்திரை நலிவில் இழந்தது மீள்வது அரிது. ஆகவே கண்ணாஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்பவர், உறக்கமும் உணவும் எப்படியென்பதையும் வைத்தியரிடம் கூறுதல் நன்று. மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி எண்ணிலும் ஆலோசனை பெறலாம்.

இப்போது பேரன் மாலைதோறும் பத்திரிகையை வாசித்துக் காட்டுகின்றான். மரண அறிவித்தல்களே முதலில் வேண்டுமாம்! தொப்பிப் பிள்ளைகள் இன்னும் இடையிடையே வருகின்றனர். "இன்றைக்கு மூன்று பேர்தான்" என்று அவர் கணக்குச் சொல்கின்றார்.