'இன்னுமா பால் குடுக்குற?': ஒரு வயதுக்குப் பிறகும் தாய்ப்பால்... மருத்துவமும் சட்டமும் சொல்வது என்ன?

குழந்தை பிறந்த முதல் வாரத்தில் "பால் நல்லா ஊறுதா?" என்று எல்லாரும் அக்கறையாக விசாரிப்பார்கள். முதல் பிறந்தநாள் கேக் வெட்டி முடித்ததும், அதே ஆட்களின் கேள்வி மாறிவிடும்: "இன்னுமா பால் குடுக்குற? எப்போ மறக்கடிக்கப் போற?"

மாமியார் வீடு, அபார்ட்மென்ட் லிஃப்ட், ஆவடி மின்சார ரயில்... எங்கே போனாலும் ஒரு அட்வைஸ் காத்திருக்கும். "பல்லு முளைச்சிடுச்சே", "அந்தப் பால்ல சத்தே இருக்காது", "அப்புறம் அம்மாவை விட்டு நகரவே மாட்டான்". இதில் எதெல்லாம் உண்மை?

எத்தனை வயது வரை?

முதல் 6 மாதங்கள் தாய்ப்பால் மட்டும். அதன் பிறகு மற்ற உணவோடு சேர்த்து 2 வயது வரையோ, அதற்கு மேலோ தொடரலாம் என்பதுதான் உலக சுகாதார அமைப்பும் யுனிசெஃபும் சொல்லும் அறிவுரை. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியும் 2022-ல், 2 வயதும் அதற்கு மேலும் தொடர விரும்பும் தாய்மார்களுக்கு ஆதரவு தர வேண்டும் என்று தன் பரிந்துரையை மாற்றியது. ஆக, ஒன்றரை வயதுக் குழந்தைக்குப் பால் கொடுப்பது விநோதம் இல்லை. சரியாகச் சொன்னால், அதுதான் பரிந்துரை.

சத்து இருக்காதா?

இருக்கும். 12 முதல் 24 மாத வயதில் குழந்தைக்குத் தேவைப்படும் ஆற்றலில் சுமார் மூன்றில் ஒரு பங்கைத் தாய்ப்பாலே தர முடியும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. நோய் எதிர்ப்புப் பொருட்களும் பாலில் தொடர்ந்து இருக்கும். தாய்க்கும் லாபம் உண்டு. மொத்தமாகப் பாலூட்டிய ஒவ்வொரு 12 மாதங்களுக்கும் மார்பகப் புற்றுநோய் அபாயம் 4.3% குறைவதாக 2002-ல் 'லான்செட்' இதழில் வந்த ஆய்வு காட்டியது.

ஆனால் இந்த வயதில் பால் மட்டும் போதாது. குறிப்பாக இரும்புச் சத்து சாப்பாட்டில் இருந்துதான் வர வேண்டும். பாலையே குடித்துவிட்டு சோறு வேண்டாம் என்று அடம்பிடித்தால் டாக்டரிடம் பேசுவது நல்லது. இரவில் அடிக்கடி குடிக்கும் குழந்தைக்குப் பல் சொத்தை வராமல் பார்த்துக்கொள்வதும் அவசியம்.

சட்டத்தின் கணக்கு 15 மாதம்

மகப்பேறு நலச் சட்டம் 2017-ல் திருத்தப்பட்டபோது, சம்பளத்துடன் கூடிய விடுப்பு 26 வாரங்களாக உயர்ந்தது. பாலூட்ட தினமும் 2 இடைவேளை என்பதும் சட்டத்தில் உண்டு. ஆனால் குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரைதான். 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இதே 15 மாதம்தான்.

50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்கிறது சட்டம். சிறு தொழிற்கூடங்கள் நிறைந்த அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பல இடங்கள் இந்த எண்ணிக்கையைத் தொடாது. குழந்தை ஆவடியில் பாட்டியிடம் இருக்கும்போது, அம்பத்தூரில் கிடைக்கும் இடைவேளையை வைத்து அம்மா என்ன செய்வார்?

ஒரு ஆறுதல்: ஒரு வயதுக்குப் பிறகு வேலைக்குப் போகும் அம்மாக்கள், காலையிலும் இரவிலும் மட்டும் கொடுத்தே தொடர முடியும்.

வெளியில் கொடுத்தால்?

2015-ல் தமிழக அரசு பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகளைத் திறந்தது. கைக்குழந்தையோடு உள்ளே போனால் யாரும் எதுவும் சொல்வதில்லை. நடக்கிற, பேசுகிற குழந்தை என்றால்தான் பார்வை மாறுகிறது. இது இங்கே மட்டும் இல்லை. 2012-ல் 'டைம்' இதழ் 3 வயது மகனுக்கு ஒரு தாய் பாலூட்டும் படத்தை அட்டையில் போட்டபோது அமெரிக்காவிலும் பெரிய சர்ச்சை வெடித்தது.

நிறுத்துவது எப்படி?

வேப்பிலை அரைத்துத் தடவி ஒரே நாளில் மறக்கடிப்பது நம்மூர் வழக்கம். திடீரென நிறுத்தினால் பால் கட்டி, வலியும் காய்ச்சலும் வரலாம். ஒரு நேரத்துப் பாலை முதலில் குறைத்து, சில நாள் விட்டு அடுத்ததைக் குறைப்பது இருவருக்கும் எளிது.

எப்போது நிறுத்துவது என்பதை அம்மாவின் உடல்நிலை, வேலை, விருப்பம், குழந்தையின் தேவை ஆகியவைதான் தீர்மானிக்க வேண்டும். ஒன்றரை வயதில் நிறுத்தினாலும் குற்ற உணர்ச்சி வேண்டாம். மூன்று வயது வரை கொடுத்தாலும் கூச்சம் வேண்டாம். அடுத்த முறை "இன்னுமா?" என்று யாராவது கேட்டால், "ஆமா, டாக்டரே ரெண்டு வயசுக்கு மேலயும் குடுக்கலாம்னு சொல்றாங்க" என்ற ஒரு வரி போதும்.