தொடக்கநிலை மாணவரின் வாசிப்புப் புரிதலும் மரபான சிறார் கதைகளும்

முன்னுரை

ஒரு பத்தியைத் தடையின்றி உரக்கப் படிக்கும் மாணவரைப் படிக்கத் தெரிந்தவர் என்று கருதுவது தொடக்க வகுப்புகளில் வழக்கம். தமிழ் எழுத்துமுறையும் இக்கருத்துக்கு இடமளிக்கிறது. எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பு பெரிதும் ஒழுங்குடையது. ஆதலின் 247 எழுத்துகளையும் பழகிய குழந்தை, பொருள் அறியாத சொல்லையும் பிழையின்றி ஒலித்துவிடும். எனவே ஒலிப்பின் செம்மை மட்டும் புரிதலுக்குச் சான்றாகாது. அச்சான்றைப் பெறும் முறையைப் பாட்டி சுட்ட வடையைக் காகம் கவர்ந்து சென்ற கதையைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

வாசிப்பின் இரு கூறுகள்

காஃப், டன்மர் ஆகியோர் 1986இல் முன்வைத்த எளிய வாசிப்புக் கோட்பாட்டின்படி, வாசிப்புப் புரிதல் என்பது எழுத்தறிதல், மொழிப்புரிதல் ஆகிய இரண்டின் பெருக்கற்பலன் ஆகும். ஒன்று சுழியானால் விளைவும் சுழியே. தமிழில் பேச்சு வழக்கும் எழுத்து வழக்கும் வேறுபடுவதால், இரண்டாம் கூறு தனிக்கவனத்திற்குரியது. வீட்டில் 'ஒக்காந்துச்சு' என்று கேட்ட குழந்தை நூலில் 'அமர்ந்தது' என்பதைக் காண்கிறது. நிகழ்ச்சி முன்பே தெரிந்திருப்பதால் அச்சொல்லின் பொருளைச் சூழலிலிருந்து ஊகித்துக்கொள்கிறது. கேட்டுப் பழகிய கதையின் முதற்பயன் இதுவே.

வினாக்களின் மூன்று நிலைகள்

'காகம் எங்கே அமர்ந்தது?' என்பது நேர்ப்பொருள் வினா. இதற்குரிய விடை பனுவலிலேயே உள்ளது. 'நரி காகத்தை ஏன் பாடச் சொன்னது?' என்பது உய்த்துணர் வினா. வாய் திறந்தால் வடை விழும் என்னும் நரியின் எண்ணத்தைக் கதை வெளிப்படையாகக் கூறுவதில்லை. மாணவரே இரு செய்திகளை இணைத்து அதனை அறிய வேண்டும். 'காகம் வடையைத் திருடியது; நரி காகத்தை ஏமாற்றியது. எது பெரிய தவறு?' என்பது மதிப்பீட்டு வினா. இதற்கு ஒரே விடை இல்லை. காரணம் கூறுவதே இங்குத் தேவை. முதல் நிலையோடு வினாக்கள் நின்றுவிடின், சொற்களைத் தேடி எடுக்கும் பயிற்சியே நிகழும்.

தெரிந்த கதையின் இடர்

தெரிந்த கதையே தவறான மதிப்பீட்டிற்கும் வழிவகுக்கிறது. பனுவலைப் படிக்காத குழந்தையும் நினைவிலிருந்து சரியான விடை கூறிவிடும். இவ்விடரைக் கதையின் மாற்று வடிவங்களால் நீக்கலாம். கி.பி. முதல் நூற்றாண்டில் இலத்தீனில் பீட்ரசு எழுதிய வடிவத்தில் காகம் கவர்வது சாளரத்திலிருந்த பாலாடைக்கட்டி. அங்கே பாட்டியும் இல்லை, வடையும் இல்லை. இன்று தமிழில் வழங்கும் மற்றொரு வடிவத்தில், காகம் வடையைக் காலடியில் வைத்துக்கொண்டு கரைகிறது, நரி ஏமாறுகிறது. இவற்றுள் ஒன்றைப் புதிய சொற்களின் பொருளை விளக்கியபின் மௌனமாகப் படிக்கச் செய்து, 'உணவு இறுதியில் யாரிடம் இருந்தது?', 'காகம் அதனை எங்கிருந்து எடுத்தது?' என வினவலாம். பழைய கதைக்குரிய விடையைத் தரும் மாணவர் நினைவிலிருந்தே விடையளித்திருக்கக்கூடும். அவரிடம், 'இதை எந்த வரியில் கண்டாய்?' என்று கேட்டுப் பனுவலுக்குத் திருப்புவது ஆசிரியர் பணி.

முடிவுரை

மரபான சிறார் கதை கற்பித்தலுக்குத் துணையாகும்; அதன் பழகிய வடிவம் மட்டும் மதிப்பீட்டிற்குப் போதாது. அறிந்த வடிவத்தால் உய்த்துணர்தலைப் பயிற்றி, மாறிய வடிவத்தால் புரிதலை அளப்பதே பொருத்தமான வரிசையாகும். இவ்வேறுபாட்டைக் கருதாத வகுப்பில், உரக்கப் படித்தும் பொருள் உணராத குழந்தை கவனிக்கப்படாமலே மேல்வகுப்புக்குச் சென்றுவிடும்.