கொடியில்லாத் தூதரகம்!

மகாராஜபுரம்! பெயரைக் கேட்டால் அரண்மனை இருக்கும், அம்பாரி ஏறிய யானை இருக்கும், ஆலவட்டம் வீசும் அழகியர் இருப்பர் என்று எண்ணத் தோன்றும். போய்ப் பார்த்தவர்க்குத் தெரியும், இருப்பது சதுரகிரி மலையடிவாரம். மாந்தோப்பு, தென்னந்தோப்பு, வயற்காடு. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் தாணிப்பாறை நோக்கிச் செல்லும் பக்தர் கூட்டம். கூட்டம் கலைந்ததும் பழையபடி மண்வெட்டி, கதிரரிவாள், மாட்டுக் கொட்டில். மகாராஜா பெயரோடு சரி!

அந்த ஊர்த் தோழர் ஒருவர். பிழைப்புக்காக இராசபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டிக்கு வந்து, பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறியிலே நிற்பவர். கூட்டம் முடிந்து மேடையை விட்டு இறங்கியதும் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"ஏண்ணே, தூதரகம் தூதரகம்னு பேப்பர்ல போடுறாங்க. விருந்து நடந்துச்சு, கைகுலுக்குனாங்கன்னு படம் போடுறாங்க. அதுல என் தறிக்கு என்னண்ணே வந்துச்சு?"

டில்லியிலே கேட்க வேண்டிய கேள்வி, நம்மிடம் கேட்டுவிட்டார். கேட்டது தவறல்ல. தூதரகம் என்றதும் நம் கண்முன் வருவது என்ன? பளிங்கு மாளிகை, பறக்கும் கொடி, பட்டுக் கம்பளம், பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் சீமான், பக்கத்திலே சீமாட்டி! அந்த மாளிகையின் பின்கட்டிலே, மேசைமீது குனிந்து கடிதத்துக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கும் குமாஸ்தாவின் படத்தை எந்தப் பத்திரிகையும் போடுவதில்லை. வேலை நடப்பது அந்த மேசையிலே!

அந்த மேசையைக் காட்டுவதற்கு, வல்லரசுகளைத் தேடிப் போகவேண்டாம். கொடி கட்டும் உரிமையே மறுக்கப்பட்ட ஒரு சின்னஞ்சிறு தீவைச் சொல்கிறேன். கொடி இல்லாததால், மேசையை மட்டுமே நம்பி வாழக் கற்றுக்கொண்ட தீவு அது.

தைவான்! பழைய பூகோளப் புத்தகங்களில் பார்மோசா என்று இருக்கும். பரப்பு சுமார் 36,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பரப்பில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மக்கள் 2 கோடியே 30 இலட்சத்துக்குச் சற்று மேல். 1949இல் சீனாவிலே மாசேதுங்கின் படை வென்றது. தோற்ற சியாங்கே ஷேக் தீவுக்கு வந்து குந்திக்கொண்டு, சீனா முழுமைக்கும் நானே சர்க்கார் என்றார். அந்த ஆண்டு முடியுமுன்பே இந்தியா பீகிங் சர்க்காரை ஒப்புக்கொண்டுவிட்டது. 1971 அக்டோபரில் ஐக்கிய நாடுகள் மன்றத்திலிருந்த நாற்காலியும் பறிபோயிற்று. நேற்றுவரை தோளில் கைபோட்டவர்கள் ஒவ்வொருவராகக் கதவைச் சாத்தினர். இன்று அதனோடு முறைப்படி தூதர் உறவு வைத்திருப்பவை ஒரு டஜன் அளவிலான நாடுகளே. அவற்றிலும் பல, கடலிலே புள்ளிபோல் கிடக்கும் தீவுகள்!

நாற்காலி போனவன் என்ன செய்வான்? நாலு பேரிடம் அழுவான், அல்லது நாலு வீட்டிலே கடை விரிப்பான். தைவான் கடை விரித்தது! நாற்காலி பறிபோவதற்கு ஓராண்டு முன்பே, 1970இல், வெளிநாட்டு வாணிப வளர்ச்சிக்கென்று ஒரு மன்றம் அமைத்திருந்தார்கள். அதன் கிளைகள் இன்று உலகில் அறுபதுக்கும் மேற்பட்ட இடங்களில். தூதரகம் என்று பெயர் வைக்க முடியாத ஊர்களிலெல்லாம், பொருளாதார, பண்பாட்டு மையம் என்று பலகை தொங்கிற்று.

டில்லிக்கு அந்தப் பலகை 1995இல் வந்தது. அதே ஆண்டு தைப்பே நகரிலே நம்மவர்கள் திறந்த அலுவலகத்துக்குப் பெயர் இந்தியா–தைப்பே சங்கம். சங்கமாம்! வாலிபர் சங்கம், முடிதிருத்துவோர் சங்கம் என்பது போல! ஆனால் அதன் தலைமை நாற்காலியில் அமர்வதோ இந்திய வெளியுறவுப் பணியைச் சேர்ந்த அதிகாரி. சீனாவுக்கும் கோபம் வரக்கூடாது, வாணிபமும் நடக்க வேண்டும் என்பதற்காகப் பூண்ட வேடம். அரசியலில் வேடம் புதிதல்ல. இந்த வேடத்தால் வேலை நடந்தது என்பதுதான் இங்கே செய்தி.

2012இல் சென்னையிலும் ஒரு மையம் திறந்தார்கள். கவனியுங்கள்! டில்லிக்கு அடுத்தபடியாக அவர்கள் தேடிவந்த நகரம் சென்னை. பம்பாய்க்குப் போனது 2024இல்தான்.

சென்னை அலுவலகத்தில் என்ன வேலை? இங்கிருந்து படிக்கவும் பணிக்கும் செல்வோருக்கு விசா. சான்றிதழ், ஒப்பந்தத்தாள் முதலியவற்றைச் சரிபார்த்து முத்திரை. இவை கண்ணுக்குத் தெரிவன. தெரியாத வேலை ஒன்று உண்டு. தைச்சுங் நகரத்திலே காலணித் தொழிற்சாலை வைத்திருக்கும் ஒரு முதலாளியை எண்ணிக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் ஆலை போடலாமா என்று யோசிக்கிறார். அவருக்குத் தமிழ் தெரியாது, ஆங்கிலம் அரைகுறை. அவர் மனதிலே நூறு கேள்வி. நிலம் யார் தருவார்? மின்சாரம் நிற்குமா? துறைமுகம் எத்தனை மைல்? இயந்திரத்துக்கு இறக்குமதித் தீர்வை எவ்வளவு? பங்குசேர வருகிறேன் என்று கடிதம் எழுதும் இந்த ஊர்க் கம்பெனி உண்மையிலே இருக்கிறதா, வெறும் காகிதக் கம்பெனியா? தகராறு வந்தால் எந்தக் கோர்ட்டு? ஒவ்வொன்றுக்கும் அவருடைய மொழியிலே, அவர் நம்பக்கூடிய ஆள் பதில் சொல்லவேண்டும். விமானம் ஏறி வந்தால் கூட்டிப்போய் இடத்தைக் காட்டவேண்டும். கோட்டையிலே எந்த அறைக்குள் யாரைப் பார்ப்பது என்று சொல்லவேண்டும். இதுதான் பின்கட்டு வேலை. சலிப்பு தட்டும் வேலை. ஆண்டுக்கணக்கில் செய்யவேண்டிய வேலை.

இதற்குமேல் அடுத்த படி, ஒப்பந்தம். ஒரே வருமானத்துக்கு இரண்டு நாட்டிலும் வரி விழாதபடி 2011இல் ஓர் உடன்பாடு. முதலீட்டுக்குக் காப்பு அளிக்க 2018இல் ஓர் உடன்பாடு. கையெழுத்திட்டது யார்? இரண்டு சர்க்காருமல்ல! ஒருபக்கம் சங்கம், மறுபக்கம் மையம்!

பலன்? ஊர்ப்பெயரோடு சொல்கிறேன். செய்யாற்றிலே பெங்டே கம்பெனியின் காலணி ஆலை. அங்கு பல்லாயிரம் பேர் வேலை செய்கிறார்கள், பெரும்பாலோர் பெண்கள். கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கு பௌ சென் கம்பெனி 2023 ஏப்ரலில் போட்ட ஒப்பந்தம், 2,302 கோடி ரூபாய் முதலீடு, 20,000 பேருக்கு வேலை என்று. இராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்திலே ஹோங் பூ கம்பெனிக்கு 2024 நவம்பர் 28இல் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அடிக்கல் நாட்டினார். 1,500 கோடி ரூபாய், 25,000 பேருக்கு வேலை என்பது அறிவிப்பு. வடஆர்க்காட்டு மண்ணிலே கடலை பிடுங்கிய கைகள், கண்டங்கள் கடந்து போகும் காலணியைத் தைக்கின்றன!

இதெல்லாம் அந்த அலுவலகம் ஒன்றே சாதித்தது என்று சொன்னால், அது மேடைப் பொய். செய்யாற்று ஆலை சென்னை அலுவலகத்துக்கு முன்பே வந்துவிட்டது. திருப்பெரும்புதூருக்கு பாக்ஸ்கான் வந்ததும் அப்படியே. ஆலைகள் முன்னே வந்தன, அவற்றைத் தொடர்ந்து அலுவலகம் வந்தது, அலுவலகம் மேலும் ஆலைகளுக்கு வழிகாட்டிற்று. சீனாவிலே கூலி உயர்ந்தது ஒரு காரணம். அமெரிக்காவும் சீனாவும் தீர்வைச் சண்டை போட்டது இன்னொரு காரணம். தமிழ்நாட்டு அரசு 2022இல் காலணித் தொழிலுக்கென்றே தனிக்கொள்கை வகுத்ததும் காரணம். எல்லாவற்றுக்கும் மேலாக, படித்த பெண்கள் வேலைக்கு வருகிற நாடு இது. அந்தப் பெண்களைப் பள்ளிக்கு அனுப்பிய இயக்கம் எது என்று இதைப் படிக்கும் தோழர்க்கு நான் சொல்லவேண்டியதில்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 2021 டிசம்பரில், திருப்பெரும்புதூர் பாக்ஸ்கான் ஆலையில் வேலைசெய்த பெண்கள், தங்கியிருந்த விடுதியின் உணவால் நோயுற்றார்கள். 150க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில். தோழிக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமல் பதறிய பெண்கள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். எந்தத் தலைவரும் அழைக்கவில்லை, எந்தச் சங்கமும் அறிக்கை விடவில்லை, உட்கார்ந்தார்கள்! ஆலை மூடிற்று, 2022 ஜனவரியில்தான் மீண்டும் திறந்தது. அதன்பிறகே விடுதி என்றால் என்ன என்று முதலாளிகளும் சர்க்காரும் யோசித்தனர். வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதியைச் சிப்காட் நிறுவனம் 706 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் கட்டி, 2024 ஆகஸ்டில் திறந்தது. அயல்நாட்டு அலுவலகம் முதலீட்டைக் கொண்டு வரும். சோற்றின் தரத்தைக் கொண்டு வராது. அதை நாம்தான் கேட்டு வாங்கவேண்டும்.

2024 பிப்ரவரியில் இந்தியத் தொழிலாளர் தைவானுக்குப் போக ஓர் உடன்பாடு ஏற்பட்டது. மை உலருமுன், தைவானின் தொழிலாளர் அமைச்சர் பேசினார்: வடகிழக்கு இந்தியாவிலிருந்து ஆள் எடுப்போம், அவர்கள் நிறமும் உணவும் எங்களுக்கு நெருக்கமானவை! நிறம் பார்த்து ஆள் எடுக்கும் நோய் நமக்குப் புதிதா? நம் ஊரில் அதற்கு வயது இரண்டாயிரம்! கண்டனம் எழுந்தது, அமைச்சர் மன்னிப்புக் கேட்டார், அந்நாட்டு வெளியுறவுத் துறையும் வருத்தம் தெரிவித்தது. உடைந்ததை ஒட்டுவதும் தூதுவேலையில் ஒரு பாதி.

தொழிலாளிக்காகவே தொடங்கிய அயல்நாட்டு அலுவலகமும் நம் சரித்திரத்தில் உண்டு. 1860இல் சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல், ஒப்பந்தக் கூலிகளை டர்பனில் கொண்டுபோய் இறக்கிற்று. கரும்புத் தோட்டத்திலே அவர்கள் சிந்திய வியர்வைக்கு அறுபத்தேழு ஆண்டு கழித்து ஒரு காவலர் கிடைத்தார். 1927இல் கேப்டவுன் உடன்பாட்டின்படி, தென்னாப்பிரிக்காவிலே இந்திய சர்க்காரின் ஏஜெண்டு நியமிக்கப்பட்டார். ஏஜெண்டு! தூதர் என்று சொல்ல அடிமை நாட்டுக்கு உரிமை ஏது? முதல்வர் வி.எஸ்.சீனிவாச சாஸ்திரியார். நமக்கும் அவருக்கும் கருத்திலே காததூரம்; எனினும் டர்பனில் இந்தியப் பிள்ளைகளுக்கு உயர்நிலைப்பள்ளி எழுப்பப் பணம் திரட்டியவர் அவர். சாஸ்திரி கல்லூரி என்று அதற்குப் பெயர். அவருக்குப் பின் 1929இல் அந்தப் பொறுப்பை ஏற்றவர் யார் தெரியுமா? நீதிக்கட்சியின் கே.வி.ரெட்டி நாயுடு! சென்னையில் நீதிக்கட்சி அமைத்த முதல் மந்திரிசபையில் மந்திரியாக இருந்தவர். 1932வரை அங்கே இருந்து, வெள்ளைத் துரைத்தனத்தோடு வாதாடினார். கொடி இல்லை, பட்டாளம் இல்லை, கையிலே மனுக்கட்டு!

அன்று அடிமை இந்தியாவுக்கு ஏஜெண்டு. இன்று அங்கீகாரமற்ற தைவானுக்கு மையம். அப்படியானால் ஏழு கோடித் தமிழர் வாழும் மாநிலத்துக்கு?

கையை விரிக்கிறது அரசியல் சட்டம். ஏழாவது அட்டவணை, மத்தியப் பட்டியல், பத்தாவது இனம் அயல்நாட்டு விவகாரம். பதினோராவது இனம், தூது மட்டுமல்ல, வாணிபப் பிரதிநிதித்துவமும்! எல்லாம் டில்லிக்கே! 2024 ஜூலையில் கேரளம், வெளிநாட்டு ஒத்துழைப்பு தொடர்பான பணிகளை ஓர் ஐ.ஏ.எஸ். அதிகாரியிடம் ஒப்படைத்தது. உடனே வெளியுறவு அமைச்சகம், எல்லை தாண்டாதே என்று எச்சரித்தது. 2014இல் அதே அமைச்சகம் மாநிலங்களுக்கென்று ஒரு பிரிவைத் தொடங்கியதே, எதற்கு? மாநிலங்கள் வெளிநாட்டோடு வாணிபம் வளர்க்கத் துணைநிற்கத்தானே? ஒரு கையால் அழைப்பு, மறு கையால் அறை!

கனடாவைப் பாருங்கள். பிரெஞ்சு பேசும் கியூபெக் அந்நாட்டில் ஒரு மாகாணம்தான். 1961இல் பாரிசில் தன் அலுவலகத்தைத் திறந்தது. 1965இல் அதன் அமைச்சர் பால் ஜெரன்-லஜுவா, அயல்நாட்டுத் தூதர்களை வைத்துக்கொண்டே சொன்னார்: உள்நாட்டிலே எங்கள் அதிகாரத்துக்குட்பட்டவை எவையோ, வெளிநாட்டிலும் அவற்றை நாங்களே கவனிப்போம். கல்வி எங்களுடையது என்றால், கல்வி உடன்பாடும் எங்களுடையது! கனடா இடிந்து விழவில்லை. கியூபெக் அலுவலகம் பம்பாயிலும் வந்துவிட்டது. கியூபெக் பம்பாய்க்கு வரலாம். தமிழ்நாடு தைப்பேக்குப் போகக் கூடாதா?

நாம் தூதர் கேட்கவில்லை, படை கேட்கவில்லை. இந்தியத் தூதரகத்தின் பின்கட்டிலேயே ஒரு மேசை போடுங்கள். அதில் நம் தொழில் தெரிந்த, நம் ஊர் தெரிந்த ஆளை உட்கார வையுங்கள் என்கிறோம்.

ஏன் கேட்கிறோம்? தறிக்காரத் தோழரின் துணிக்கே வருவோம். சத்திரப்பட்டித் துணி மருத்துவமனைகளுக்குப் போகிறது, கடல் தாண்டியும் போகிறது. பெரும்பகுதி வியாபாரி கைக்குப் போய், அங்கிருந்து இன்னொரு கைக்குப் போய், எங்கோ ஒரு நாட்டில் வெளுத்து, கிருமி நீக்கி, சிறு பொட்டலமாக மாறுகிறது. காசு பொட்டலத்தில் இருக்கிறது. கூலி பாவு ஓட்டத்தில் நிற்கிறது! 2021 மே மாதத்திலிருந்து ஐரோப்பியக் கூட்டமைப்பு, மருத்துவப் பொருள்களுக்குப் புதுச் சட்டத்தை நடைமுறைப்படுத்தியுள்ளது. கிருமி நீக்கிய காயக்கட்டுத் துணி என்றால், அவர்கள் அங்கீகரித்த அமைப்பு சோதித்துச் சான்று தரவேண்டும். எந்த அமைப்பு, எவ்வளவு கட்டணம், என்னென்ன தாள், அங்கே நேர்மையான கொள்முதல்காரர் யார்? பத்துத் தறி வைத்திருப்பவருக்கு யார் சொல்வது? தைவான்காரருக்கு அவருடைய மையம் சொல்கிறது. நம்மவருக்குப் புரோக்கர் சொல்கிறார், பாதியைத்தான் சொல்கிறார்!

நம் விருதுநகர் மாவட்டத்திலேயே இ.குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கரில் ஜவுளிப் பூங்கா என்று 2023 மார்ச்சில் டில்லி அறிவித்தது. செயற்கை இழைத் துணியிலே தைவான் கைதேர்ந்த நாடு. விளையாட்டு வீரர் அணியும் துணியில் உலகப் பெயர். நமக்கோ பஞ்சு தெரியும், நூல் தெரியும், 1936இல் தொடங்கிய இராசபாளையம் மில்லின் காலத்திலிருந்தே தெரியும். இருவரையும் ஒரு மேசையில் உட்கார வைப்பது யார் வேலை?

திருவில்லிபுத்தூர், இராசபாளையம், வத்திராயிருப்பு வட்டாரத் தோழர்கள் அடுத்த கிளைக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். விசைத்தறித் தொழிலாளர் சங்கத்தாரையும் தறி உரிமையாளரையும் அழையுங்கள். எந்த நாட்டுக்கு எந்தத் துணி போகிறது, இடையில் எத்தனை கை மாறுகிறது, விலை எங்கே ஏறுகிறது என்று அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்லி எழுதுங்கள். அந்தக் கணக்கோடு சட்டமன்ற உறுப்பினரிடம் ஒரு மனு. நாடாளுமன்ற உறுப்பினரிடம் ஒரு மனு. தைப்பேயில் ஒரு மேசை, ஐரோப்பாவில் ஒரு மேசை என்று இடத்தைக் குறிப்பிட்டே கேளுங்கள்.